விளையாட்டுத் துவக்குக்கு ஏன் சட்டம்?

சின்ன பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் பாயவைக்கும் விளையாட்டுத் துவக்குதான் எயார்சொஃப்ட். பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். இது பிறந்த இடம் யப்பான். அது அங்கே பிறந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம்.

1958ஆம் ஆண்டின் சட்டப்படி யப்பானில் சாதாரண சனம் துவக்கோ வாளோ வைத்திருப்பது பெரும்பாலும் குற்றம். வேட்டைக்காரருக்கு அனுமதி கிடைக்கும். கைத்துப்பாக்கிக்கு அநேகமாக இல்லை. ஆனால் ஆசையைத் தடைசெய்ய ஏலுமா? 1960களில் உலோகத்தில் செய்த மாதிரித் துவக்குகள் கடைக்கு வந்தன. அவற்றைக் காட்டி மிரட்டவும் ஆக்கள் கிளம்பினார்கள். 1971இல் சட்டம் திருத்தப்பட்டது: உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளின் குழல் அடைக்கப்பட வேண்டும், நிறம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்க வேண்டும். அதாவது, 'பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்?' என்பதுதான் சட்டத்தின் கேள்வி.

பிளாஸ்டிக் அந்த விதிக்குள் அடங்கவில்லை. எயார்சொஃப்ட் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. பிறகு, வேகத்தைக் கூட்ட உள்ளுறுப்புகளை மாற்றுகிறவர்களும் வந்தார்கள். 2005இல் ஓடும் வாகனங்களை நோக்கி இப்படியான துவக்குகளால் சுட்ட சம்பவங்கள் நடந்தன. அடுத்த வருசமே சட்டம் இரண்டாவது கேள்வியைக் கேட்டது: 'பட்டால் என்ன நடக்கும்?' 6 மில்லிமீற்றர் குண்டுக்கு எல்லை ஏறத்தாழ 0.98 ஜூல். 0.2 கிராம் குண்டென்றால் செக்கனுக்கு 99 மீற்றர் அளவு வேகம். அதைத் தாண்டிய துவக்கைச் சும்மா வைத்திருந்தாலே ஒரு வருடம் வரை சிறை, அல்லது 3 இலட்சம் யென் வரை தண்டம் என்று விதித்தார்கள்.

அமெரிக்காவோ முதல் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டது. விளையாட்டுத் துவக்கின் முனையில் செம்மஞ்சள் அடையாளம் வேண்டும் என்று 1988இல் சட்டம் போட்டது. 2014 நவம்பரில் கிளீவ்லண்ட் நகரப் பூங்காவில் தமீர் ரைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவனின் கையில் இருந்ததும் ஓர் எயார்சொஃப்ட்தான். செம்மஞ்சள் முனை அதில் இருக்கவில்லை. வந்திறங்கிய பொலிஸ்காரர் சில செக்கனுக்குள் சுட்டார். மறுநாள் அவன் இறந்துபோனான்.

அந்தச் சாவுக்கு ஒரு நிறத்துண்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எங்களால் முடியாது. சுட்டது மனிதர், அவசரமும் பயமும் அவருடையவை. ஆனால் 'இது விளையாட்டுச் சாமான்தானே, இதுக்கேன் சட்டம்?' என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: கையில் வைத்திருப்பவருக்குத்தான் அது விளையாட்டு. எதிரே நிற்பவர் ஜூல் கணக்குப் பார்ப்பதில்லை.