ஸ்போர்ட் ஸ்பிரிங்: வீட்டு முற்றத்தில் மாற்றும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

செர்காம் - ஞாயிற்றுக்கிழமை காலையில் செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தாமான்களிலும் தோட்ட வீடுகளிலும் ஜேக்கில் ஏறி நிற்கும் ஒரு காரையாவது பார்க்கலாம். எண்ணெய் மாற்றுவதும் பிரேக் பேட் மாற்றுவதும் பட்டறைக்குப் போகாமலே நடக்கின்றன. அந்த வரிசையில் சேர்ந்துகொண்டதுதான் காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், அதாவது நம் இளைஞர்கள் சொல்லும் 'ஸ்போர்ட் ஸ்பிரிங்'. கருவியும் பொறுமையும் உள்ளவர்கள் இதை வீட்டிலேயே மாற்ற முடியும். ஆனால், எண்ணெய் மாற்றும் வேலையில் இல்லாத ஓர் ஆபத்து இதில் உண்டு. அழுத்தப்பட்ட ஸ்பிரிங் பிடி தவறினால் விரலும் முகமும் தப்பாது. சில வேளைகளில் உயிரும் தப்பாது.

காரைத் தாழ்த்துவது அழகுக்காக மட்டும் என்று பெரியவர்கள் திட்டுவதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, காரின் எடை தரைக்கு நெருங்கினால் வளைவில் சாய்வு குறையும். ஸ்டியரிங் திருப்பியவுடன் கார் திரும்பும். புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1996இல் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய புரோட்டோன், அந்த நிறுவனத்தின் பொறியாளர்களைக் கொண்டே இந்தக் காரின் சஸ்பென்ஷனைச் செப்பனிட்டது. 1.8 லிட்டர் இரட்டை கேம் எஞ்சின், சுமார் 140 குதிரைத்திறன். நம் ஊர் இளைஞர்கள் இன்றும் தேடிப் பிடித்து வாங்கும் கார் அது. லோட்டஸ் அளந்து வைத்த உயரத்தை இன்னொருவர் மாற்றும்போது, எதற்காக மாற்றுகிறோம் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

சாலையையும் நினைக்க வேண்டும். மலாக்கா-மூவார் சாலையில் 30 மில்லிமீட்டர் தாழ்ந்த கார் சுகமாகவே ஓடும். செம்பனை லோரி ஓடித் தடம் விழுந்த தோட்டத்துச் செம்மண் பாதையில் அதே 30 மில்லிமீட்டர்தான் எண்ணெய்த் தொட்டிக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி. தாமான் நுழைவாயில் மேடுகளும் அப்படித்தான். ராலி பந்தயத்தில் 2002ஆம் ஆண்டு உலக உற்பத்திக் கார் பட்டத்தை வென்ற நம் நாட்டின் கரம்ஜிட் சிங் மண் சாலைகளில் ஓட்டிய கார், தார் சாலைப் பந்தயக் காரைப் போல் தரையை ஒட்டி நின்றதல்ல. மண் பாதையில் வேகம் வேண்டுமானால் உயரமும் வேண்டும். தோட்டத்திலிருந்து தினமும் வேலைக்குப் போய்வருபவர் 25 முதல் 30 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

காசு மிச்சம் பிடிக்க ஸ்பிரிங்கை வெட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. காஸ் டார்ச்சால் ஒரு சுற்று வெட்டினால் கார் தாழ்ந்துவிடும் என்பது சரிதான். ஆனால் ஸ்பிரிங்கின் எஃகு, குறிப்பிட்ட சூட்டில் பதப்படுத்தப்பட்டது. டார்ச்சின் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கும். வெட்டிய இடத்துக்கு அருகில் ஸ்பிரிங் பின்னாளில் முறியக்கூடும். தட்டில் பொருந்துவதற்கென்று வளைத்துச் செய்யப்பட்ட நுனியும் போய்விடும். கார் மேட்டில் ஏறி இறங்கிச் சக்கரம் தொங்கும் நேரத்தில், வெட்டிய ஸ்பிரிங் இடம்விட்டு நகர்ந்துவிடலாம். நெடுஞ்சாலையில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. முறையான ஸ்போர்ட் ஸ்பிரிங் நீளத்தில் குறைவு, விறைப்பில் அதிகம். கார் தாழ்ந்ததால் குறைந்துபோன அசைவு இடத்தை அந்த விறைப்புதான் ஈடுகட்டுகிறது. வெட்டிய ஸ்பிரிங்கும் கொஞ்சம் விறைக்கும், ஆனால் கணக்கில்லாமல்.

ஹாஃப்கட் கடைகளில் பழைய ஜப்பான் ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கும். துரு தின்ற குழி, கீறல், பெயர்ந்த பூச்சு ஆகியவற்றைப் பார்த்து, அது அந்த மாடலுக்கே உரியதா என்று உறுதி செய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். அப்சோர்பர் எண்ணெய் கசிந்தால் ஸ்பிரிங்கோடு அதையும் மாற்றுவது நல்லது. இருபது வயது கடந்த ஜி.டி.ஐயில் பழைய அப்சோர்பர் மீது விறைப்பான ஸ்பிரிங் ஏறினால் கார் குதித்துக்கொண்டே போகும். மேல் மவுண்டின் ரப்பரும் பேரிங்கும் அப்படியே. பிரித்த கையோடு மாற்றாவிட்டால் அதே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

வேலை தொடங்கும் முன், நான்கு சக்கரங்களின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தரை சிமெண்டாக இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டு அமிழும். காரோடு வந்த ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலை வைக்கக்கூடாது. தூக்கிய இரு பக்கமும் ஸ்டாண்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, கழற்றிய சக்கரம் காரின் அடியில்: இவை மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் மறுநாள் கை வலி குறையும்.

ஜி.டி.ஐயின் முன்பக்கத்தில் இருப்பது மேக்ஃபெர்சன் ஸ்டிரட். ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒரே தண்டாகச் சேர்ந்தவை. பிரேக் குழாயையும் ஏ.பி.எஸ் இருந்தால் அதன் வயரையும் ஸ்டிரட்டிலிருந்து விடுவித்து, சக்கரத்தாங்கியோடு சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளின் நிலையைப் பெயிண்ட்டால் குறித்துக்கொண்டு கழற்ற வேண்டும். தாங்கியை வெளியே சாயவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு உள்ளே பிரிந்துவிடலாம். கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பிறகு பொன்னெட்டுக்குள் மேல் மவுண்டைச் சுற்றியுள்ள சிறு நட்டுகளைக் கழற்றினால் ஸ்டிரட் வெளியே வரும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. பலர் தவறு செய்வது இங்கேதான்.

கார் தரையில் நிற்கும்போது ஒரு முன்சக்கரம் ஏறத்தாழ 300 கிலோவைத் தாங்குகிறது. கார் தூக்கப்பட்டுச் சக்கரம் தொங்கினாலும் ஸ்பிரிங் முழுதாகத் தளர்வதில்லை. மேல் மவுண்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே அழுந்தியே இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது அந்த நடு நட்டு ஒன்றுதான். அதை முதலில் கழற்றினால் மவுண்டும் நட்டும் துப்பாக்கிக் குண்டைப் போல் பாயும்.

எனவே ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம். இரண்டு கொக்கித் தண்டுகளையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில், முடிந்தவரை அதிகமான சுற்றுகளைக் கவ்வும்படி மாட்ட வேண்டும். கையால் இயக்கும் ரெஞ்ச்தான் இதற்குச் சரி. காற்றுத் துப்பாக்கி கூடாது. இடப்பக்கம் சில சுற்று, வலப்பக்கம் சில சுற்று என்று மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முன்னேறினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கியை நழுவவிடும். மேல் மவுண்டில் ஸ்பிரிங் தளர்ந்து கையால் ஆடத் தொடங்கியதும் நிறுத்தி, அதன் பிறகே நடு நட்டைக் கழற்ற வேண்டும். ஸ்டிரட்டின் தலை யாரையும் நோக்கி இருக்கக்கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் வீட்டுக்குள் அனுப்பிவிடுவது நல்லது. இரவல் வாங்கிய கம்ப்ரஸரின் மரை தேய்ந்திருந்தாலோ கொக்கி வளைந்திருந்தாலோ அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்டிரட்டை மட்டும் பட்டறைக்குத் தூக்கிச் செல்லலாம். ஸ்பிரிங் மாற்றும் கூலி மட்டும்தான் செலவு. அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

புது ஸ்பிரிங்கில் அச்சடித்த எழுத்து நேராகப் படிக்கும்படி நிற்க வேண்டும். அதன் நுனி, தட்டின் படியில் போய் முட்ட வேண்டும். பம்ப் ஸ்டாப் ரப்பரை வெட்டலாமா என்பதைத் தயாரிப்பாளரின் தாள் சொல்லும். தாள் சொல்லாவிட்டால் வெட்டக் கூடாது. ஸ்டிரட்டைப் பூட்டித் தொங்கவிட்டு, ஸ்பிரிங் மேலும் கீழும் இறுக்கமாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையால் சுழற்ற முடிந்தால் அந்த ஸ்பிரிங் அந்த அப்சோர்பருக்கு ஏற்றதல்ல.

ஜி.டி.ஐயின் பின்பக்கமும் இதே மாதிரி சேர்ந்த தண்டுதான். கம்ப்ரஸர் அங்கேயும் வேண்டும். பெரொடுவா மைவி வைத்திருப்பவருக்குப் பின்பக்க வேலை எளிது. அதில் ஸ்பிரிங் தனி, அப்சோர்பர் தனி. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் அச்சுக்கு ஜேக்கால் முட்டுக் கொடுத்து, இரு அப்சோர்பர்களின் கீழ்ப் போல்ட்டுகளையும் கழற்றி அச்சை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரப்பர் புஷ் உள்ள இணைப்புகளை, சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்குவது வீட்டு வேலையில் அதிகம் நடக்கும் தவறு. கார் தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு, சீக்கிரம் கிழிந்துவிடும். லேசாகப் பூட்டி, காரின் எடை சக்கரத்தில் அமர்ந்த பிறகே டார்க் ரெஞ்ச்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

தாழ்த்திய காரின் முன்சக்கரங்கள் மேற்புறம் உள்நோக்கிச் சாயும். 30 மில்லிமீட்டருக்கு அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை மாறலாம். சக்கரங்களின் முன்நோக்கும் கோணமும் கூடவே மாறும். டயரின் உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது மாற்றம்தான். நிமிர்ந்து நின்று பார்த்தால் டயர் புதிதாகத் தெரியும். குனிந்து உட்பக்கம் தடவினால் கம்பி கையில் குத்தும். ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி அமர்ந்ததும் அலைன்மெண்ட் செய்வது அவசியம். அதுவரை நெடுஞ்சாலைப் பயணத்தைத் தவிர்க்கலாம். முன்விளக்கின் குறியையும் அப்போதே சரிபார்க்கச் சொல்லலாம்.

சட்டமும் இதில் உண்டு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளும் வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகின்றன. சாலைத் தடுப்பில் வாதாடுவதைவிட, ஸ்பிரிங் வாங்கும் முன் ஜே.பி.ஜே. முகப்பில் அந்த மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்வது எளிது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டுக்கு இடையூறாகலாம்.

கழற்றிய நான்கு ஸ்பிரிங்குகளையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். காரை விற்கும்போது உரிமை மாற்றத்துக்குப் புஸ்பாகோம் பி5 சோதனை இருக்கிறது. வாங்குபவருக்கும் அசல் உயரமே பிடித்திருக்கலாம். முன், பின், இடம், வலம் என்று சீட்டு ஒட்டி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி ஸ்டோரின் மூலையில் வைத்தால் போதும்.