தம்பலகோக் மரமும் டோடோவும்: ஓர் அழகிய கருதுகோளின் விலை

மொரீசியஸ் தீவின் மேட்டுநில மழைக்காட்டில் மட்டுமே வளரும் அரிய பெருமரம் தம்பலகோக். நம் இலுப்பையும் மகிழும் சேர்ந்த அதே குடும்பம். கீறினால் பால் வடியும். சைடராக்சிலான் கிராண்டிஃப்ளோரம் என்று இன்று வழங்கும் இதன் முந்தைய பெயர் கல்வாரியா மேஜர். பழத்துக்குள் இருக்கும் கொட்டையின் ஓடு 15 மில்லிமீட்டர் வரை தடித்தது. இந்த மரம் அருகிப்போனதற்கு உலகம் நம்பிய காரணம் இந்த ஓட்டிலிருந்துதான் பிறந்தது. அந்தக் காரணம் பிழை என்பதோடு, அந்தப் பிழை மரத்துக்கே கேடு செய்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்கப் பறவையியலர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். எஞ்சியிருப்பவை 13 மரங்கள். எல்லாம் 300 வயதைக் கடந்தவை. டோடோ 17ஆம் நூற்றாண்டில் அழிந்தபின் ஒரு விதைகூட முளைக்கவில்லை. அப்பறவையின் அரைவைப்பையில் தேய்ந்தால்தான் ஓடு திறக்கும் என்றார். வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளை ஊட்டிப் பார்த்தார். 7 நொறுங்கின. மிஞ்சிய 10இல் 3 முளைத்தன. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் முளைத்த முதல் தம்பலகோக் கன்றுகள் இவையாக இருக்கலாம் என்றும் எழுதினார். பறவை போனது, அதன் பின்னே மரமும் போகிறது என்ற இந்தக் கதை பாடநூல்களுக்குள் புகுந்துவிட்டது.

சோதனையின் அமைப்பிலேயே ஓட்டை இருந்தது. வான்கோழி விழுங்காத கொட்டைகளையும் பக்கத்தில் நட்டுப் பார்த்திருக்க வேண்டும். டெம்பிள் அதைச் செய்யவில்லை. ஒப்பீடு இல்லாத இடத்தில் மூன்று கன்றுகள் எதையும் நிறுவுவதில்லை. வயதுக் கணக்கும் அப்படித்தான்: இந்த மரத்தில் எண்ணத்தக்க ஆண்டு வளையங்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விடை முன்பே அச்சில் இருந்தது. லண்டன் கியூ தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஆர்தர் ஹில், இக்கொட்டையில் பிளவுக் கோடு ஒன்று இருப்பதையும், உள்ளே கரு பருக்கும்போது ஓடு அந்தக் கோட்டில் தானே விண்டு திறப்பதையும் 1941இலேயே விளக்கியிருந்தார். அதாவது, ஓட்டைத் தேய்க்க யாரும் வேண்டியதில்லை.

1979இல் அதே இதழில் மறுப்பு எழுதியவர் மொரீசியஸ் வனத்துறையைச் சேர்ந்த ஒவடல்லி. நாற்றங்காலில் எந்தப் பறவையின் உதவியும் இன்றிக் கொட்டைகள் முளைத்ததையும், நூறு வயதுக்குக் குறைந்த மரங்கள் காட்டில் இருப்பதையும் காட்டினார். மரங்களின் எண்ணிக்கையும் 13 அல்ல, சில நூறு என்று பின்னர் தெரிந்தது. 1991இல் விட்மரும் சீக்கும் எழுதிய விரிவான ஆய்வு டெம்பிளின் வாதத்தை ஏறக்குறைய முடித்துவைத்தது.

மறுத்தவர்கள் சொன்னதெல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். டோடோ கடலோரத் தாழ்நிலத்துப் பறவை, தம்பலகோக் மேட்டுநிலத்து மரம், ஆகவே இரண்டும் சந்தித்திருக்க முடியாது என்றார் ஒவடல்லி. ஆனால் தென்கிழக்குக் கடற்கரையை ஒட்டிய மார்-ஓ-சோஞ்ஜ் சதுப்பில் டோடோ எலும்புகளோடு தம்பலகோக் கொட்டைகளும் கிடைத்திருக்கின்றன. மரம் ஒருகாலத்தில் தாழ்நிலத்திலும் இருந்திருக்கிறது. இன்றைய காட்டை வைத்து அன்றைய காட்டைக் கணித்தது தவறு. டோடோ இப்பழத்தைத் தின்றிருக்கலாம். தீவில் வாழ்ந்து அழிந்த பேராமைகளும் அகன்ற அலகுக் கிளியும் தின்றிருக்கலாம். ஆனால் பழத்தைத் தின்பது வேறு, அந்த வயிறு இல்லாமல் விதை முளைக்காது என்பது வேறு. டெம்பிள் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவிவிட்டார்.

காரணத்தை டோடோவின் மேல் வைத்தால், அதை மீட்க யாராலும் முடியாது. குற்றவாளி இல்லை, செய்ய வேண்டிய வேலையும் இல்லை. இரங்கல் மட்டும் மிஞ்சும். இந்தக் கருதுகோளின் விலை என்று நான் சொல்வது இதைத்தான். உண்மையான காரணங்களோ இன்றும் அந்தக் காட்டில் நடமாடுகின்றன. கப்பலில் வந்த நண்டுண்ணிக் குரங்குகள் பழம் முதிரும் முன்பே பறித்து வீசுகின்றன. பன்றிகள் நிலத்தைக் கிளறுகின்றன. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மான்கள் கன்றுகளை மேய்கின்றன. இவற்றுக்குத் தப்பி முளைப்பதைச் சீனக் கொய்யாப் புதர் மூடிவிடுகிறது. காட்டின் பெரும்பகுதியைக் கரும்பு ஏற்கெனவே தின்றுவிட்டது. 1834க்குப் பின் சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கொண்டுசெல்லப்பட்டது அந்தக் கரும்புக்காகத்தான். நல்ல நிலையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடு தீவின் பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு.

விதையின் ஓட்டைப் பற்றி நடந்த இத்தனை பேச்சில் கன்றின் கதி பின்னுக்குப் போய்விட்டது. முளைப்பது இந்த மரத்துக்குப் பெரிய தடையே அல்ல. முளைத்தபின் பிழைப்பதுதான் தடை. 1994இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் சில காட்டுத் துண்டுகளை வேலியிட்டு, மானும் பன்றியும் நுழையாமல் தடுத்து, கொய்யாவைக் கையால் களைகிறார்கள். களைந்த இடத்தில் கொய்யா மறுபடி முளைக்கும்; மறுபடி களைய வேண்டும். வேலி குரங்கைத் தடுப்பதில்லை. அதற்கான வழியைத் தேடுவதில்தான் ஆய்வின் பொழுது செலவாக வேண்டும்.