ஒரேலி (பாய்மரக் கப்பல்)

ஒரேலி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓடிய பிரெஞ்சு வணிகப் பாய்மரக் கப்பல். புதுச்சேரி, காரைக்கால் கரைகளில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1853இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854இல் குவாதலூப் தீவுக்கும் முதன்முதலாகச் சென்றது இதுவே. கரீபியத் தமிழ் வழித்தோன்றல்கள் தங்கள் வரலாற்றை இந்தக் கப்பலிலிருந்துதான் சொல்லத் தொடங்குகிறார்கள்.

பிரான்ஸ் 1848இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. 1852இல் கூலிக் குடியேற்றத்துக்குச் சட்டம் வந்தது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆள் திரட்டியவர்கள் மேஸ்திரிகள். புதுச்சேரி, காரைக்கால் போன்ற சின்னஞ்சிறு பிரெஞ்சுப் பகுதிகளில் அத்தனை பேர் ஏது? எல்லை தாண்டி, ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தென்னார்க்காடு, தஞ்சாவூர்க் கிராமங்களில்தான் இந்தக் கூலி வணிகத்துக்குப் பெரும்பாலும் ஆள் பிடித்தார்கள். புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணம் உப்பளக் கரையும் தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே. 1805 முதல் சென்னை மாகாண உப்பு முழுவதும் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஏகபோகம்; அளத்தில் வாரிய உப்பை அதற்கே கொடுத்தாக வேண்டும். ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் கரைந்து வேலையும் நின்றுவிடும். இப்படிப்பட்ட கரையில் முன்பணம் காட்டும் மேஸ்திரியின் பேச்சு எடுபட்டதில் வியப்பில்லை.

புதுச்சேரியில் அப்போது கப்பல் அணையும் துறை கிடையாது. இரும்புத் துறைப்பாலம் வந்ததே 1866இல். கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் மூட்டையும் சலங்கில் போக வேண்டும். சலங்கு என்பது ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். தையல் வழியே தண்ணீர் கசிய, ஒருவர் இறைத்துக்கொண்டே வருவார். அவர்களில் வயலைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களுக்குக் கடல் முதலில் காலை நனைத்தது அங்கேதான்.

சூயஸ் கால்வாய் திறக்காத காலம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, இரண்டு பெருங்கடல்களைக் கடந்து, 1853 மே 6 அன்று முந்நூறுக்கும் மேற்பட்டோருடன் ஒரேலி மார்த்தினிக்கின் சேன்-பியேர் துறையை அடைந்தது. அடுத்த பயணத்தில் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பின் புவாந்த்-அ-பித்ர் துறையில் ஏறக்குறைய அதே அளவு ஆட்களை இறக்கியது.

அது திறந்த வழியில் 1880களின் இறுதிவரை கப்பல்கள் போயின. மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல், குவாதலூப்புக்கு 42,000 பேருக்கு மேல் சென்றனர். கைநாட்டு வைத்த ஒப்பந்தம் இருந்ததால் இது அடிமைத்தனம் ஆகாது என்றது சட்டம். தோட்டத்தை விட்டு விலகினால் தண்டனை விதித்ததும் அதே சட்டம்தான். அடிமைத்தனம் ஆகாது என்ற அந்த வாதத்தை ஏற்க மனம் ஒப்பவில்லை. குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் கூலிகளின் வழித்தோன்றல்களுக்காக 1904இல் வாக்குரிமை கேட்டுத் தொடங்கிய வழக்காடல் 1923வரை நீண்டது.

ஒரேலி முதலில் வந்தடைந்த சேன்-பியேர் நகரை 1902 மே 8 அன்று பெலே எரிமலை அழித்துவிட்டது. ஆனால் தீவுகளில் மாரியம்மனும், பெயர் திரிந்து ‘மல்தெவிலன்’ ஆகிவிட்ட மதுரை வீரனும் இன்றும் வழிபாடு பெறுகிறார்கள். அக்கோயில்களின் அருகே ஒரு கம்பம் நட்டுக் கொடியேற்றும் வழக்கமும் உண்டு. அது கடலோடிகளைக் காக்கும் நாகூர் ஆண்டவருக்கு. அங்கே அவர் பெயர் ‘நாகுர்மீரா’. கப்பலின் பாய்மரம் போலவே அந்தக் கம்பம் நெட்டுக்குத்தாக நிற்கிறது.