ஸ்ரீரங்கப்பட்டணத்து உத்தரங்கள்

கோதிக் என்றதும் நம் மனத்தில் எழுவது கல். பாரிஸின் நோத்ர் தாம் ஆலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கல் வானத்தை நோக்கி எழுவதைத்தான் எழுதுகிறார்கள். அந்தக் கல் வளைவுகளுக்கு மேலே, கீழே நிற்பவன் கண்ணில் படாமல், கூரையைத் தாங்கி நின்றது ஓக் மரச் சட்டகம். 'காடு' என்பது அதன் பெயர். 2019 ஏப்ரல் 15 அன்று அது எரிந்தபோதுதான் அங்கே மரம் இருந்ததே பலருக்குத் தெரியவந்தது.

காந்திபுரத்துக்காரன் இதைப் பற்றி யோசிக்க பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் வழியே மலை ஏறினால் போதும். உதகையில் இருக்கிறது புனித ஸ்டீபன் ஆலயம். கவர்னர் லஷிங்டன் காலத்தில் காப்டன் அண்டர்வுட் கட்டியது. 1829 ஏப்ரலில் அடிக்கல். 1830 நவம்பரில் கல்கத்தா பிஷப் டர்னர் அதைப் பிரதிஷ்டை செய்தார். 1831 ஈஸ்டரன்று வழிபாடு தொடங்கியது. 1163இல் தொடங்கிய நோத்ர் தாம் முடியப் பல தலைமுறைகள் ஆயின. இதற்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

ஐரோப்பாவில் கூர்வளைவு ஒரு கட்டுமானத் தேவை. பாரத்தைச் சுவரிலிருந்து தூண்களுக்குத் திருப்பி, சுவரையே ஜன்னலாக்கியது அது. உதகையில் அது ஒரு ஞாபகம் மட்டுமே. ஊரை விட்டு வந்தவர்களின் ஞாபகம். கூரையைத் தாங்குவது மரம். அந்த உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையிலிருந்து பிரித்து மலைமேல் ஏற்றப்பட்டவை. திப்பு 1799 மே 4இல் இறந்தான். கொங்கு நாடு கம்பெனி கைக்குப் போனதும் அதே வருஷம்தான். ஹைதரும் திப்புவும் அடக்கமான கும்பஸ் அந்தத் தோட்டத்தில் இன்றும் நிற்கிறது. அரண்மனை இல்லை.

இதைக் கொள்ளை என்று சொல்லி முடித்துவிடலாம். கொள்ளைதான். ஆனால் நாம் வாரிசுகளாக நின்று புலம்புவதற்கு இது நம் அரண்மனையுமல்ல. மைசூருக்கு வரி கட்டிய நாடு கொங்கு. அதே கொங்கின் தீரன் சின்னமலை மைசூர் பக்கம் நின்று கம்பெனியை எதிர்த்தார். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஆலயத்து மயானத்திலோ, கோயமுத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவனின் மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். ஜெயித்தவன் துக்கமும் துக்கம்தான்.

உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று நம் விமர்சகர்கள் பிரித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த ஆலயம் நினைவு வருகிறது. உருவம் இங்கிலாந்திலிருந்து, மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து என்று கணக்குப் போட்டு ஒதுங்கிவிட முடியாது. மரம் தோற்றவனுடையது என்று தெரிந்தபின் அந்த ஜன்னல்கள்கூட முன்போல் இல்லை.

வருகிறவர்கள் வண்ணக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெளிச்சம் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது, தவறில்லை. ஒருமுறை நிமிர்ந்து, பாரம் எதன்மேல் இறங்குகிறது என்றும் பார்க்கலாம். அதற்குத் தீப்பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.