ஆவாரம்பட்டையும் ஒரு விறைத்த பெல்ட்டும்

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் என் புது பெல்ட்டை நீட்டினேன். அசல் தோல். ஆனால் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு வளையவே மறுத்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

"பட்டைத் தோலு தம்பி. நல்ல தோலுதான். தண்ணியில ஊறப்போடாத, வெயில்ல வெக்காத. உள்பக்கமா ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய் தேய்ச்சு ராத்திரி பூரா விடு. காலையில கையால உருட்டி உருட்டி எடு."

தோல் என்பது நார்களின் பின்னல். ஈரம் போய் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் விறைக்கும். எண்ணெய் நடுவே புகுந்தால் அவை வழுக்கி நகரும், தோல் வளையும். அதிகமாக ஊற்றினால் தொய்ந்துவிடும். அந்த அளவு, வேலை செய்தவர்களின் விரலில்தான் இருந்தது.

அவர் சொன்ன 'பட்டை', ஆவாரம்பட்டை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது பூளைப்பூவோடு சேர்த்துச் செருகுகிறோமே, அதே ஆவாரைதான். கிருஷ்ணகிரியின் வறண்ட மேடுகளில் யாரும் நடாமலே வளர்கிற செடி. அதன் பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுத்த தோல்தான் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பலேறியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ்களுக்கு மேல்தோலாகவும் ஆனது.

ஆனால் உள்ளூரில் தோலுக்கு வேறொரு பெரிய தேவை இருந்தது. கிணற்று இறைப்பு. கவலை, கமலை, கபிலை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். அதன் அடியில் தைத்த தோல் வால் வழியே தண்ணீர் வாய்க்காலில் பாயும். நாள் முழுக்க நனைந்து, இரவெல்லாம் காய்ந்து கிடக்கும் தோல் என்ன ஆகும்? எண்ணெய் போடாவிட்டால் வெடிக்கும், போட்டாலும் சீக்கிரம் மக்கும்.

இதைக் கவனித்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னை கலைப்பள்ளியின் கண்காணிப்பாளர். குரோமியத்தில் பதப்படுத்திய தோல் தண்ணீரில் அதிக நாள் தாங்கும், கவலைச் சாலுக்கு அது உதவும் என்று 1903 வாக்கில் சோதனைகளைத் தொடங்கினார். அரசு தொழில் நடத்துவதா என்று தனியார் வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் லண்டனிலிருந்து இந்தியத் துறை அமைச்சர் மார்லியும் அதற்குத் தடை போட்டார். தொழிற்சாலை கைமாறியது, குரோம் தோல் மட்டும் நிலைத்துவிட்டது.

கிணற்றுக்காக வந்த அந்த நுட்பத்தின் மிச்சக் கதை பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அது பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

சாட்டர்டனின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. சாலுக்குத் தோல் தைத்த மாதிகர்களின், அருந்ததியர்களின் பெயர்கள் இல்லை. அவர்களுக்குக் கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம்.

"எங்க அப்பா காலத்துல சாலுக்குத் தோலு தைச்சிக் குடுத்தோம்," என்றார் பெரியவர். "அந்தக் கிணத்துல நாங்க எறங்கித் தண்ணி மொண்டதில்ல."

யோசித்துப் பார்த்தால், ஊரே குடித்த தண்ணீர் இவர்கள் தைத்த தோலைத் தொட்டுத்தான் வந்தது. தோலுக்கு இல்லாத தீட்டு, தைத்த கைக்கு மட்டும் எப்படி ஒட்டியது?

மின்மோட்டார் வந்ததும் கவலை ஒழிந்தது. சிப்காட் வந்தது, வாட்ச், லாரி, மோட்டார் பைக் எல்லாம் இங்கேயே செய்தார்கள். பழையது அழிந்ததே என்று நான் எழுத நினைத்திருந்தேன். அவரிடம் கேட்டேன்: "அந்த வேலை போனதுல வருத்தமா ஐயா?"

"எதுக்கு வருத்தம்? எம்பையன் கம்பெனிக்குப் போறான். இந்த ஊசிய அவன் தொடக் கூடாதுன்னுதான் நான் தொட்டுட்டிருக்கேன்."

அன்றிரவு பெல்ட்டுக்கு விளக்கெண்ணெய் தேய்த்தேன். காலையில் வளைந்தது. அந்த அளவை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பீஸ் எதுவும் வாங்கவில்லை. வற்புறுத்தி ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் கண்ணாடி டம்ளரில்தான் கொடுத்தார், எனக்குக் கொடுத்த அதே டம்ளரில். அதைக் கவனித்தது நான் மட்டுமில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது.