உணவுக்குழாயின் மூடிய வாயில்

கன்னியாகுமரிக்கு அருகே, கடலை நோக்கிக் கருங்கல் மதில்களோடு நிற்கிறது வட்டக்கோட்டை. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பின்னர் அம்மன்னரின் படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் இதனை வலுப்படுத்தினார் என்பது வரலாறு. கோட்டைப் போரில் ஓர் உண்மை உண்டு. வாயில் திறவாதபோது முன்மதிலை முட்டிக்கொண்டே இருப்பவன் வெல்வதில்லை. மதிலடியில் சுரங்கம் அகழ்பவனே உள்ளே நுழைகிறான். மனித உடலிலும் அத்தகைய வாயில் ஒன்றுண்டு. அது மூடிக்கொண்டால் திறப்பதற்கு மருத்துவ உலகம் மேற்கொண்ட நெடிய முயற்சியை இங்கே சுருங்கக் காண்போம்.

நாம் விழுங்கும் கவளம் தன் எடையால் மட்டும் இரைப்பையில் விழுவதில்லை. உணவுக்குழாயின் தசைகள் அலையலையாகச் சுருங்கி அதனைக் கீழே தள்ளுகின்றன. குழாயும் இரைப்பையும் கூடுமிடத்தில் வளையமாய் அமைந்த தசை அந்நேரம் தளர்ந்து வழிவிடுகிறது. இத்தசைகளை ஆளும் நரம்பணுக்கள் அழிந்துவிடின், அலையும் ஒழுங்காக எழாது, வாயிலும் திறவாது. 'தளராமை' என்னும் பொருள்பட இந்நோயை 'அகலேசியா' என்பர். ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே வரும் நோய் இது. அரிதாதலின் அறியப்படாமலும் போகிறது. உண்டது நெஞ்சில் நிற்கும். தண்ணீரும் இறங்க மறுக்கும். படுத்தால் உண்ட சோறு வாய்க்கு மீளும். வலீமா விருந்தில் ஒரே சஹனில் எல்லாரும் கைவைக்கும்போது, நோயுற்றவர் ஏதேனும் சாக்குச் சொல்லி ஒதுங்கிவிடுவார். வயிற்றுப்புண் என்றும் வாயு என்றும் மனக்கலக்கம் என்றும் பெயரிட்டே ஆண்டுகள் பல கழிந்துவிடும்.

முன்னோர் முயற்சி

விழுங்க இயலாதவரின் துன்பத்தை நுணுகி ஆராய்ந்தோருள் முன்வரிசையில் நிற்பவர், ஸ்பெயின் நாட்டு இஷ்பீலிய்யா நகரில் வாழ்ந்து கி.பி. 1162இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸுஹ்ர். தொண்டை வழியே வெள்ளிக்குழாய் செலுத்தி, அதனூடே பாலுணவு ஊட்டும் முறையை அவர் தமது 'அத்தைஸீர்' நூலில் விளக்கினார். மூச்சுக்குழாயைத் திறக்கும் அறுவையை முதலில் ஓர் ஆட்டில் செய்து பார்த்து, காயம் ஆறியதைக் கண்டவரும் அவரே. விலங்கில் சோதித்த பின்னரே மனிதரை அணுகவேண்டும் என்னும் அந்நெறி, நாம் சொல்லவரும் சிகிச்சையிலும் தொடர்வதைப் பின்னர்க் காண்போம்.

1674இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், இந்நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். திமிங்கில எலும்பாலான வளையும் கோலின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுக்க, அவர் உண்ட உணவை ஒவ்வொரு வேளையும் தாமே உள்ளே தள்ளிக்கொண்டு 15 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார் என்கிறார். கோலின் இடத்தைப் பிற்காலத்தில் காற்றடைத்து விரிக்கும் பலூன் பெற்றது.

1913இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர், உடலைத் திறந்து வளையத் தசையை வெளிப்புறமிருந்து கீறி, உள்ளுறையை மட்டும் ஊறின்றி விட்டுவைத்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் இவ்வறுவை, 1990களில் சிறு துளைகள் வழியே செய்யப்படலாயிற்று.

கத்திக்குப் பின்னும் வழியுண்டு

கன்னியாகுமரி மாவட்டத்தவருக்கு வயிற்று அறுவை புதிதன்று. 1838இல் தோன்றிய நெய்யூர் மருத்துவமனையில், எவரெஸ்ட் ஏறச் சென்றவரான ஹோவர்ட் சாமர்வெல் 20 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து, இரைப்பை அறுவையால் பெரும்புகழ் பெற்றார். அத்தகைய புகழின் நிழலில் ஓர் எண்ணமும் வேரூன்றியது: 'கத்தி வைத்தும் தீராதெனில் இனி ஒன்றுமில்லை' என்பதே அது. இவ்வெண்ணம் தவறு என்பதற்கு அகலேசியாவே சான்று.

ஹெல்லர் அறுவை பெரும்பாலோர்க்கு நற்பயன் தருகிறது. எனினும் சிலருக்குச் சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ அடைப்பு மீள்கிறது. கீறல் போதிய நீளம் இல்லாமை, கீறிய இடத்தில் தழும்பு இறுகுதல், அமிலம் மேலேறாதிருக்க இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றித் தைத்தது மிகுதியாக நெருக்குதல் முதலியன காரணங்களாம். தழும்பேறிய அதே இடத்தை மீண்டும் திறப்பது எளிதன்று.

இங்கேதான் சுரங்கம் பயன்பட்டது. 2007இல் பங்கஜ் பஸ்ரீச்சாவும் அவர் குழுவினரும், உணவுக்குழாயின் உள்ளுறைக்கும் தசைக்கும் இடையே வழியமைத்துத் தசையை அறுக்கலாம் என்பதை விலங்குகளில் காட்டினர். 2008இல் ஜப்பானின் யோகோஹாமாவில் ஹருஹிரோ இனோயி அதனை மனிதரில் செய்தார். வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, நீலச்சாயம் கலந்த நீரால் உள்ளுறையை உப்பச்செய்து, சிறு கீறலிட்டு நுழைந்து, இரைப்பையின் தொடக்கம்வரை சுரங்கம் அகழ்ந்து, வளையத் தசையை உள்ளிருந்தே அறுத்தபின், நுழைவாயிலைச் சிறு கவ்விகளால் மூடிவிடுவர். வெளியே தழும்பில்லை. முன்னைய அறுவை பெரும்பாலும் குழாயின் முன்புறத்தைக் கீறியிருக்குமாதலால், இவர்கள் தழும்பற்ற பின்புறத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

நம் நாட்டில் ஐதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனம் 2013 முதல் இம்முறையைக் கையாண்டு, நான்காண்டுகளில் 500 பேருக்கு மேல் செய்து முடித்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர், பலூன் விரிப்போ அறுவையோ முன்பே செய்துகொண்டு பயன்பெறாதவர்கள்.

ஹெல்லர் அறுவை பயனளிக்காத 90 பேரை இரு பிரிவாக்கி நிகழ்த்திய பன்னாட்டு ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், சுரங்கமுறை பெற்ற 45 பேரில் 28 பேரும், பலூன் விரிப்புப் பெற்ற 45 பேரில் 12 பேரும் நலமடைந்திருந்தனர். வேறுபாடு பெரிதே, ஆயினும் 28 என்பது 45 அன்று. அழிந்த நரம்புகளை எச்சிகிச்சையும் மீட்பதில்லை. வாயிலைத் திறந்துவைப்பதே இயல்வது. திறந்த வாயிலில் அமிலம் மேலேறும் தொல்லை இச்சிகிச்சைக்குப் பின் மிகுதி. அதற்குச் சிலர் நெடுநாள் மருந்துண்ண நேரிடும்.

ஆதலின் வீட்டிலுள்ள ஒருவருக்கு விழுங்குதல் தடைப்பட்டால் காலந்தாழ்த்தலாகாது. புற்றுநோயும் இதே அறிகுறியோடு வரக்கூடுமாதலால், எண்டோஸ்கோப் பரிசோதனை முதற்கண் வேண்டும். பின்னர் பேரியம் எக்ஸ்ரேயும், குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனையும். முன்பே அறுவை செய்துகொண்டவராயின், பழைய மருத்துவச் சீட்டுகளையும் படங்களையும் பத்திரமாக வைத்திருந்து புதிய மருத்துவரிடம் ஒப்படைப்பது வீட்டார் கடமை. எந்தப் பக்கத்தில் கீறப்பட்டது, எத்துணை நீளம், சுற்றித் தைத்தார்களா என்னும் செய்திகள் அவற்றிலேயே உள்ளன. அவற்றை அறிந்த மருத்துவரே, அடுத்த வழியை எப்பக்கத்தில் அகழ்வது என்று துணிய முடியும்.