ரிஃப் மலைக்குப் பாடம் நடத்த வந்தவர்கள்



"கஞ்சா" என்ற சொல்லைக் கண்டதும் தாண்டிப் போய்விடாதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான், ஆனால் போதைக்கு வக்காலத்து வாங்க எழுதியதல்ல. போதை தருவது ஹராம் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, உங்களுக்கும் இல்லை. நான் சொல்ல வந்தது ஒரு வரலாறு. நம்மைப் போல ஐவேளை பாங்கு கேட்கும் ஒரு மலைநாட்டில், ஒரு செடியை வைத்து எப்படிப் பிழைப்பது என்று வெளியிலிருந்து வந்தவர்கள் மூன்று தடவை பாடம் நடத்திய வரலாறு.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன்? மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதித்த நாடுகளில் "நவீன முறையில் கஞ்சா வளர்ப்பு" என்று செயலமர்வு வைப்பது இப்போது சாதாரண விடயம். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 2007ஆம் ஆண்டே 'ஓக்ஸ்டர்டாம்' என்ற பெயரில் இதற்கென்று ஒரு கல்விக்கூடம் தொடங்கிவிட்டது. கனடாவின் நயாகரா கல்லூரி 2018இல் இதைச் சான்றிதழ் படிப்பாகவே ஆக்கியது. நம்மட நாட்டிலும் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடும் பேச்சு வந்துவிட்டது. இளைஞர்கள் கேட்கிறார்கள்: "சேர், இது நல்ல வருமானமாமே?" அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வதை விட மொரோக்கோவின் கதையைச் சொல்வது பிரயோசனம் என்று நினைத்தேன்.

மொரோக்கோவின் வடக்கில், மத்தியதரைக் கடலை ஒட்டி எழுந்து நிற்பது ரிஃப் மலைத்தொடர். நீல வீடுகளுக்குப் பெயர்போன ஷெஃப்ஷாவன் அங்கேதான் இருக்கிறது. செங்குத்தான சரிவு, மெல்லிய மண், கோதுமை போட்டால் வயிறு நிறையாது. அந்த மண்ணில் மழையை மட்டும் நம்பி வளரக்கூடியதாக இருந்தது கஞ்சா. அவர்கள் அதைக் 'கிஃப்' என்பார்கள். மனநிறைவு, சுகம் என்ற பொருள் தரும் 'கைஃப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதைப் பொடியாக நறுக்கி, புகையிலையோடு கலந்து, 'ஸெப்ஸி' என்ற நீண்ட குழாயில் வைத்துக் கிழவர்கள் புகைப்பார்கள். சந்தை சிறியது, பயிரும் சிறியது.

1890 அளவில் சுல்தான் முதலாம் ஹஸன், கெத்தாமா பகுதியைச் சேர்ந்த ஐந்து கிராமங்களுக்கு மட்டும் இதைப் பயிரிட அனுமதி கொடுத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் உள்ளே வந்ததும் கிஃப்பும் புகையிலையும் ஒரு தனியுரிமைக் கம்பனியின் கைக்குப் போயின. அலுவலகம் தன்ஜா நகரில், முதலின் பெரும்பகுதி பிரான்சுடையது. விவசாயியின் பயிரை வெளியார் கணக்கில் எழுதும் வழக்கம் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. அப்துல் கரீம் அல் கத்தாபி. மெலில்லா நகரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், பிறகு காழியாக இருந்தவர். 1921இல் அன்வால் போரில் ஸ்பெயின் படையைத் தோற்கடித்து, ரிஃப் மக்களுக்கென்று ஓர் அரசை அமைத்தார். அந்த அரசு கிஃப்பைத் தடை செய்தது. 1926இல் ஸ்பெயினும் பிரான்சும் சேர்ந்து அந்த அரசை வீழ்த்திய பிறகு, கெத்தாமாப் பக்கம் கிஃப் பயிரிடுவதை ஸ்பெயின் மறுபடியும் அனுமதித்தது. மலைவாசிகளைச் சமாதானப்படுத்த அதுவே சுலபமான வழியாக இருந்தது.

1956இல் சுதந்திரம் வந்தது. பிரெஞ்சுப் பகுதியில் 1954இலேயே போட்ட தடை வடக்குக்கும் நீட்டப்பட்டது. ஆனால் தடையோடு மாற்று வழி எதுவும் வரவில்லை. பாதை இல்லை, தொழிற்சாலை இல்லை. 1958இல் ரிஃப் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது படைபலத்தால் அடக்கப்பட்டார்கள். அதன் பிறகு பல தசாப்தங்களாக அரசு ஒரு கண்ணை மூடிக்கொண்டது. சட்டத்தில் குற்றம், நடைமுறையில் பயிர். விவசாயிக்கு இதை விட மோசமான நிலை வேறில்லை. எந்த நேரத்திலும் பிடிக்கப்படலாம் என்பவனால் விலை பேச முடியாது.

இப்படி இருந்த மலைக்குத்தான் முதலாவது பாடம் வந்தது. 1960களிலும் 70களிலும் மேற்கு நாடுகளின் ஹிப்பி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மொரோக்கோவுக்கு வந்தார்கள். அதுவரை ரிஃப் மக்கள் செடியை நறுக்கத்தான் தெரிந்து வைத்திருந்தார்கள். காய்ந்த செடியைச் சல்லடையில் சலித்து, பிசினை மட்டும் பிரித்தெடுத்து ஹஷீஷ் ஆக்கும் முறை அந்தக் காலத்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. விளைவு என்ன தெரியுமா? நறுக்கிய கிஃப் பாரமானது, ஊருக்குள்ளேயே விற்கும் பொருள். ஹஷீஷ் சின்னக் கட்டி. மறைத்துக் கடல் தாண்டிக் கொண்டு போகலாம். ஒரு சல்லடை, ஊர்ப் பயிரைச் சர்வதேசக் கடத்தல் பொருளாக மாற்றிவிட்டது.

ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றங்களுக்கான அலுவலகம் 2003இல் மொரோக்கோ அரசோடு சேர்ந்து கணக்கெடுத்தபோது, பயிர் 134,000 ஹெக்டேயருக்குப் பரவியிருந்தது. சுமார் எட்டு இலட்சம் பேர் அதை நம்பி வாழ்ந்தார்கள். அந்த வியாபாரத்தின் மொத்தப் பெறுமதி 12 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டார்கள். விவசாயிகளின் கைக்கு வந்தது 214 மில்லியன் டொலர். வகுப்பில் பிள்ளைகளிடம் கொடுக்கும் கணக்கைப் போல நீங்களே வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூட இல்லை.

இரண்டாவது பாடம் எங்கே உருவானது என்று பார்க்க, கொஞ்ச நேரம் மொரோக்கோவை விட்டு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1970களில் மெக்சிக்கோவின் கஞ்சாத் தோட்டங்களுக்கு மேல், அமெரிக்காவின் உதவியோடு, பரகுவாட் என்ற களைகொல்லி தெளிக்கப்பட்டது. நம்மட கமக்காரர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மெக்சிக்கோச் சரக்குக்குப் பயந்த அமெரிக்கர்கள் கலிபோர்னியாவின் மலைகளில் தாங்களே பயிரிடத் தொடங்கினார்கள். 1983 முதல் அங்கேயும் ஹெலிகொப்டர்கள் தேடி வந்தன. உடனே செடி வீட்டுக்குள் போனது.

வீட்டுக்குள் வெயில் இல்லை, மின்விளக்கு. மண் இல்லை, உரம் கரைத்த தண்ணீர். இடம் குறைவு, அதனால் குட்டையாக வளர்ந்து சீக்கிரம் பூக்கும் செடி வேண்டும். மாட்டிக்கொண்டால் தண்டனை செடிகளின் எண்ணிக்கையைப் பார்த்தே வரும், அதனால் ஒவ்வொரு செடியிலும் போதை கூட வேண்டும். பல நாட்டு விதைகளைக் கலந்து கலந்து அப்படியான செடிகளை உருவாக்கினார்கள். 1976 முதல் சட்டம் தளர்ந்திருந்த நெதர்லாந்துக்கு அந்த விதைகள் போயின. அங்கே விதைக் கம்பனிகள் முளைத்தன. இன்று செயலமர்வுகளில் "நவீன தொழில்நுட்பம்" என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி, பொலிஸுக்கு ஒளிந்தவர்கள் ஒளிந்துகொண்டே கண்டுபிடித்தது. வரலாற்றில் இப்படியும் நடக்கும். தடை ஒரு தொழிலை அழிக்கவில்லை, அதைக் கூர்மையாக்கியது.

2000ஆம் ஆண்டுகளில் அந்தக் கலப்பின விதைகள் ரிஃப் மலைக்கு வந்தன. அவற்றில் பெயர்பெற்றது 'கர்தலா'. குர்ஆனில் வரும் 'கர்தல்', அதாவது கடுகு, என்ற சொல்லை நினைவூட்டும் பெயர். கர்தலா ஒரு செடிக்குப் பல மடங்கு பிசின் கொடுத்தது. வாங்க வந்த ஐரோப்பியர்களுக்கும் அதுவே வேண்டியிருந்தது. பழைய நாட்டுச் செடியை யாரும் கேட்கவில்லை.

ஆனால் கர்தலா மழையை நம்பி வளராது. கோடை முழுக்கத் தண்ணீர் வேண்டும், உரமும் வேண்டும். பம்புகளும் குழாய்களும் வந்தன, கிணறுகள் ஆழமாகின, ஊற்றுகள் வற்றின. தண்ணீருக்காக அயலவர்கள் சண்டை பிடித்தார்கள். காசுள்ளவன் ஆழமாகத் தோண்டினான், இல்லாதவனின் காணி காய்ந்தது. இன்னொன்றும் உண்டு. கலப்பின விதையை வீட்டில் எடுத்து வைத்து அடுத்த வருடம் போட்டால் அதே பயிர் வராது, மறுபடியும் காசு கொடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக விதையைத் தானே எடுத்து வைத்த விவசாயி, விதைக்குக் கையேந்தும் நிலைக்கு வந்தார். நெல்லிலும் மிளகாயிலும் கம்பனி விதை வந்த பிறகு நம்மட ஊர்களில் என்ன நடந்தது என்பதை வயதான கமக்காரர்களிடம் கேட்டால், இந்தக் கதையின் பாதியை அவர்களே சொல்வார்கள்.

வருமானமாவது கூடியதா? மொரோக்கோ உள்நாட்டு அமைச்சின் கணக்குப்படி, 2000களின் தொடக்கத்தில் விவசாயிகள் அனைவருக்கும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 500 மில்லியன் யூரோவாக இருந்த வருமானம், 2020இல் 325 மில்லியனுக்கும் கீழே போயிருந்தது. இதற்கிடையில் ஆயிரக்கணக்கானோர் மீது பிடியாணை. அடையாள அட்டையைப் புதுப்பிக்க அலுவலகத்துக்குப் போகவும் பயந்து, மலையை விட்டு இறங்காமல் வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் யாரோ ஓர் ஆசிரியரின் வகுப்பில் இருந்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மூன்றாவது பாடம் அரசாங்கத்தின் பெயரில் வந்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணைக்குழு, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27க்கு 25 என்ற கணக்கில் வாக்களித்தது. மொரோக்கோ ஆதரித்தது. அடுத்த வருடம் அங்கே 13-21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவாக 119, எதிராக 48. அன்று ஆட்சிக்குத் தலைமை தாங்கிய இஸ்லாமியச் சார்புக் கட்சியே எதிர்த்து வாக்களித்தது என்பது கவனிக்க வேண்டியது. சட்டம் அனுமதித்தது மருத்துவம், அழகுசாதனம், கைத்தொழில் ஆகியவற்றுக்கு மட்டும். போதைக்காகப் பாவிப்பது இன்றும் அங்கே குற்றம்தான்.

சட்டப்படி அல் ஹுஸைமா, ஷெஃப்ஷாவன், தாவ்னாத் ஆகிய மூன்று மாகாணங்களில் வாழ்பவர்களே பயிரிடலாம். கூட்டுறவுச் சங்கத்தில் சேர வேண்டும். அங்கீகரித்த விதையே போட வேண்டும். பதப்படுத்தும் நிறுவனத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து, விளைந்ததை அதற்கே கொடுக்க வேண்டும். கைத்தொழிலுக்கான செடியில் போதைப் பொருளின் அளவு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது. இதையெல்லாம் விளக்க அதிகாரிகள் மலைக்கு ஏறிக் கூட்டங்கள் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை எந்தச் செடிக்காக ஓடி ஒளிந்தாரோ, அதே செடியைப் பற்றி அரசாங்க அதிகாரி சொல்வதை அறுபது வயது விவசாயி உட்கார்ந்து கேட்கிறார்.

2023இல் முதலாவது சட்டபூர்வமான அறுவடை. 32 கூட்டுறவுச் சங்கங்கள், 416 விவசாயிகள், 294 தொன். எட்டு இலட்சம் பேர் நம்பி வாழ்ந்த ஒரு பயிருக்கு 416 பேர் என்பது சின்னத் தொடக்கம். அந்த முதல் பருவத்தில் போட்டது இறக்குமதி செய்த விதை. அதன் பிறகுதான் 'பெல்தியா' என்ற பழைய உள்ளூர் ரகத்துக்கும் அனுமதி கிடைத்தது. 'பெல்தியா' என்றால் நாட்டு ரகம், நாம் 'நாட்டுக்கோழி' என்போமே அப்படி. வரட்சியைத் தாங்கும், தண்ணீர் குறைவாகக் கேட்கும். இருபது வருடமாக "பழசு" என்று ஒதுக்கிய செடியை, மலை காய்ந்த பிறகு வெளியே எடுத்தார்கள். அந்த விதையைக் காப்பாற்றி வைத்திருந்தது எந்தச் செயலமர்வும் இல்லை, வீட்டில் விதை எடுத்து வைத்த ஏழை விவசாயிகள்.

2024 ஓகஸ்டில் மன்னர் ஆறாம் முஹம்மது, கஞ்சாப் பயிருக்காகத் தண்டனை பெற்ற அல்லது தேடப்பட்ட 4,831 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். என் பார்வையில் இந்த மூன்றாவது பாடத்தில் உருப்படியான விடயம் இதுதான். விதையும் சொட்டு நீர்க் குழாயும் கொடுப்பதற்கு முன், பயமில்லாமல் மலையை விட்டு இறங்கும் உரிமையைக் கொடுக்க வேண்டும். அது இல்லாதவனுக்கு எந்தத் தொழில்நுட்பம் கற்பித்தாலும் பலன் இன்னொருவனுக்கே போகும்.

இனி நம்மட பக்கம். நம் நாட்டில் இன்றும் ஒரு கஞ்சாச் செடி வளர்ப்பதும் குற்றம். மொனராகலைக் காடுகளில் செடிகளைப் பிடுங்கி எரிக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபடுவது பெரும்பாலும் கூலிக்குக் காவல் இருந்தவன். அதே நாட்டில் 2025இல், மீரிகமவில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏற்றுமதிக்கு மட்டும் பயிரிடும் திட்டம் தொடங்கப்பட்டது. இது சரியா பிழையா என்பதை மார்க்க அறிஞர்களும் சட்டம் தெரிந்தவர்களும் பேசட்டும். தம்பிமாருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு "கற்றுத் தருகிறோம்" என்பவர்களின் பேச்சைக் கேட்டு வீட்டுக் கொல்லையில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். பாடம் நடத்தியவர் பிடிபட மாட்டார், நீங்கள்தான் பிடிபடுவீர்கள். ரிஃப் மலையில் நடந்ததும் அதுதான்.

கஞ்சாவை விடுங்கள். நாளைக்கு உங்கள் ஊருக்கு வேறு ஏதோ பயிருக்கு, நல்ல ஹலாலான பயிருக்கே, நவீன முறைச் செயலமர்வு வரலாம். போங்கள், உட்கார்ந்து கேளுங்கள், குறிப்பெடுங்கள். அறிவு எங்கிருந்து வந்தாலும் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் தேநீர் குடித்துவிட்டு எழும்பி வருவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அடுத்த வருடத்துக்கு விதை யாரிடம் இருக்கும்? தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும்? விலையை யார் சொல்வார்? ரிஃப் விவசாயிகளுக்கு முதல் இரண்டு பாடங்களிலும் இந்தக் கேள்விகளைக் கேட்க ஒருவரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.